பெயரில்லாப் புதைகுழிகள்: அயர்லாந்துப் பெரும்பஞ்சத்தின் நினைவிடங்கள்

போரில் விழுந்த மறவனுக்குக் கல் நட்டு, அவன் பெயரையும் புகழையும் அதில் பொறித்து, மாலை சூட்டி வழிபட்டது தமிழர் மரபு. தொல்காப்பியம் அம்மரபுக்கு இலக்கணம் வகுத்தது. தமிழ்நாட்டில் செங்கம், தருமபுரிப் பகுதிகளில் அத்தகைய கற்கள் இன்றும் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. இன்னான் மகன் இன்னான், இன்ன ஊர்ப் பூசலில் பட்டான் என்று அவை கூறும்.

போரில் இறந்தவரினும் பசியால் இறந்தவர் தொகை வரலாற்றில் மிகப் பெரிது. ஆயினும் அவர்களுக்கு நடப்பெற்ற கற்கள் மிகச் சில. இதற்குக் காரணம் உண்டு. போர்க்களத்தில் ஒருவன் இறந்தால் அவனை எடுத்து அடக்கம் செய்ய ஊரும் உறவும் எஞ்சியிருக்கும். பஞ்சத்திலோ இறந்தவனும், அவனைச் சுமக்க வேண்டியவனும், அவனுக்காக அழ வேண்டியவளும் ஒரே காலத்தில் பசித்துக் கிடப்பர். கல் நடுவதற்குக் கையில் வலுவும் இராது, காசும் இராது. இறந்தவர் வீரம் விளைத்தவரும் அல்லர். அவர் சாவில் பாடுவதற்கு என்ன இருக்கிறது என்று பிறர் வாளாவிருந்துவிடுவர்.

ஆகவே பஞ்சத்தில் மடிந்தோரை நினைவில் நிறுத்த முற்படும் எந்த நாடும் மூன்று கேள்விகளுக்கு விடை தேட வேண்டியதாகிறது. அவர்கள் எங்கே கிடக்கின்றனர்? அவர்கள் யார்? அவர்கள் ஏன் இறந்தனர்? முதல் இரண்டும் தேடி அறியத்தக்கவை. மூன்றாவதற்கு விடை எழுதுங்கால் சினமும் பூசலும் பிறக்கின்றன. இம்மூன்றுக்கும் நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாக விடை தேடி வரும் நாடு அயர்லாந்து. அங்கு 1845 முதல் 1852 வரை நிகழ்ந்த பெரும்பஞ்சத்தின் புதைகுழிகளும் நினைவுச் சின்னங்களும் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

பஞ்சம் நேர்ந்த வகை

அயர்லாந்து அக்காலத்தில் பிரித்தானியப் பேரரசின் பகுதி. 1841-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அங்கு ஏறத்தாழ 81 இலட்சத்து 75 ஆயிரம் மக்கள் வாழ்ந்தனர். நிலம் பெரும்பாலும் ஒரு சில நிலக்கிழார்க்கு உரியது. அவருள் பலர் இங்கிலாந்தில் இருந்துகொண்டு குத்தகை வாங்கி வந்தனர். குடியானவன் விளைத்த கோதுமையும் ஓட்ஸும், வளர்த்த ஆடுமாடும் குத்தகைக்குப் போய்விடும். அவன் குடும்பம் உண்டது சிறு துண்டு நிலத்தில் விளைந்த உருளைக்கிழங்கை. குறைந்த நிலத்தில் மிகுந்த விளைவு தரும் உணவு அது ஒன்றே. நாட்டு மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அதனையே முழுதும் நம்பி வாழ்ந்தனர். அதிலும் ‘லம்பர்’ என்னும் ஒரே வகைக் கிழங்கு பெருவாரியாகப் பயிரிடப்பட்டது.

1845-ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் ஒரு புதிய கருகல் நோய் அயர்லாந்தை அடைந்தது. பூஞ்சணத்தை ஒத்த ஒரு நுண்ணுயிர் அந்நோய்க்குக் காரணம் என்பது பின்னரே உறுதியாயிற்று. ஈரக் காற்றில் பரவிய அது இலையைக் கருக்கிக் கிழங்கை அழுகச் செய்தது. முதலாண்டில் மூன்றில் ஒரு பங்கு விளைவு அழிந்தது. 1846-இல் நாடெங்கும் விளைவு ஏறக்குறைய முற்றிலும் பொய்த்தது. 1847-இல் நோய் தணிந்திருந்தும், விதைக்கிழங்கையும் மக்கள் உண்டுவிட்டமையால் பயிரிட்ட பரப்பு மிகச் சிறிதாயிற்று. 1848-இல் நோய் மீண்டும் வந்தது.

இறந்தோர் தொகை ஏறத்தாழ 10 இலட்சம் என்று வரலாற்றறிஞர் கணிக்கின்றனர். அவர்களுள் நேரே பட்டினியால் இறந்தவரைக் காட்டிலும், பட்டினியால் நலிந்த உடலில் தொற்றிய நச்சுக்காய்ச்சலாலும் வயிற்றுக்கடுப்பாலும் இறந்தவரே மிகுதி. மேலும் 10 இலட்சத்துக்கு மேற்பட்டோர் கடல் கடந்தனர். 1851-ஆம் ஆண்டுக் கணக்கில் மக்கள் தொகை 65 இலட்சத்து 52 ஆயிரமாகக் குறைந்திருந்தது. அக்குறை இன்றளவும் நிறையவில்லை. வட அயர்லாந்தில் 2021-இலும், குடியரசில் 2022-இலும் எடுத்த கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தாலும் தீவின் மக்கள் 70 இலட்சத்தளவே.

உதவியும் அதன் எல்லையும்

பயிரை அழித்தது நோய். ஆனால் பயிர் அழிவு பஞ்சமாக முற்றியதில் ஆட்சியாளர்க்கு எத்துணைப் பங்கு உண்டு என்பதே வழக்கு. தொடக்கத்தில் தலைமையமைச்சராக இருந்த சர் ராபர்ட் பீல், ஒரு இலட்சம் பவுன் விலைக்கு அமெரிக்க மக்காச்சோளம் வாங்கி வைத்தார். 1846-இல் அவர் பதவி இழந்தபின் வந்த ஜான் ரசல் பிரபுவின் அரசு, தானிய வாணிகத்தில் அரசு தலையிடலாகாது என்னும் கொள்கையில் உறுதியாக நின்றது. பஞ்ச ஆண்டுகளிலும் அயர்லாந்தின் துறைமுகங்களிலிருந்து தானியமும் கால்நடையும் வெண்ணெயும் ஏற்றுமதியாயின.

கூலி கொடுத்துச் சாலை போடும் வேலைகள் நடைபெற்றன. 1847 மார்ச்சு மாதத்தில் 7 இலட்சம் பேருக்கு மேல் அவ்வேலைகளில் இருந்தனர். பசித்த உடலோடு கல் உடைத்தவர் பலர் வேலையிடத்திலேயே விழுந்தனர். பின்னர் அரசு கஞ்சித்தொட்டிகளைத் திறந்தது. 1847 கோடையில் நாள்தோறும் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் அங்கே உணவு பெற்றனர். அரசு முனைந்தால் உணவளிக்க இயலும் என்பதற்கு இதுவே சான்று. ஆயினும் சில திங்களில் அவை மூடப்பட்டன. செலவு முழுவதையும் அயர்லாந்தின் ஏழை வரியே தாங்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவன் அதனை விட்டுக்கொடுத்தாலன்றி உதவி பெறலாகாது என்று ‘கிரெகரி விதி’ கூறிற்று. உணவுக்கு நிலத்தை விட்டவன் பஞ்சம் தீர்ந்தாலும் திரும்பிச் செல்ல வீடில்லாதவனானான்.

உதவிப் பணத்தை நிருவகித்தவர் கருவூலத்தின் துணைச் செயலாளர் சார்லஸ் டிரெவெலியன். மக்கள் அரசை நம்பிச் சோம்பிவிடக்கூடாது என்பதில் அவர் கொண்ட கருத்து, உயிர் காப்பதில் கொண்ட கருத்தினும் மிகுந்திருந்தது என்பது அவர்மீது சாட்டப்படும் குற்றம். இப்பெயர் தமிழ்நாட்டு வரலாற்றுக்கும் புதிதன்று. 1859 முதல் 1860 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்தவர் இவரே.

எங்கே கிடக்கின்றனர்?

அயர்லாந்தின் தென்மேற்கில் கார்க் கோட்டத்தில் ஸ்கிபரீன் என்னும் சிற்றூர் உள்ளது. பஞ்சத்தின் கொடுமையை உலகறியச் செய்த ஊர் அது. 1847 பிப்ரவரியில் இலண்டன் படச் செய்தித்தாள் ஒன்று ஜேம்ஸ் மகோனி என்னும் கார்க் நகர ஓவியரை அங்கு அனுப்பியது. அவ்வழியில் குளோனகில்ட்டி என்னும் ஊரில் அவர் கண்ட ஒரு தாயின் படம் இன்றும் பாடநூல்களில் இடம் பெறுகிறது. இறந்த குழந்தையைக் கையில் ஏந்தி அவள் இரந்து நிற்கிறாள். அவள் இரந்தது உணவுக்கன்று. அக்குழந்தைக்கு ஒரு பெட்டி வாங்குவதற்கு.

பெட்டிகளும் தீர்ந்தன. கீழ்ப்பலகை கீல் வைத்துத் திறக்கும்படி அமைந்த பொதுப்பெட்டி ஒன்றில் உடலைக் கொண்டுவந்து, குழியின்மேல் வைத்துப் பலகையைத் திறந்தால் உடல் குழிக்குள் விழும். பெட்டி அடுத்த உடலுக்குத் திரும்பும். இங்ஙனம் ஸ்கிபரீனுக்கு மேற்கே இலன் ஆற்றங்கரையில் உள்ள அபிஸ்ட்ரூரி இடுகாட்டில் 8,000 முதல் 10,000 பேர் வரை புதைக்கப்பட்டனர் என்பர். இறந்துவிட்டான் என்று எண்ணிக் குழியில் இடப்பட்ட சிறுவன் ஒருவன் உயிரோடு மீண்டு, கால் ஊனத்துடன் முதுமை வரை வாழ்ந்தான் என்பது அவ்வூரார் வழிவழியாகக் கூறிவரும் செய்தி.

இன்று அக்குழிகளின்மேல் பரந்து கிடப்பது ஒரு புல்தரை. சுற்றிலும் பிற்காலத்துக் கல்லறைகள் பெயரோடும் ஆண்டோடும் நிற்க, நடுவே அப்பகுதி மட்டும் வெறுமையாக இருக்கிறது. அவ்வெறுமையே அங்குள்ள நினைவுச் சின்னங்களில் பெரியது எனலாம். நாடெங்கும் இத்தகைய இடங்கள் உண்டு. பல இடங்களில் ஏழையர் விடுதிகளுக்குப் பின்புறம் உள்ள நிலமே புதைகுழியாயிற்று. உழவர் பலர் அந்நிலத்தில் ஏர் பூட்டாமல் விட்டனர். ஏன் உழலாகாது என்பது முன்னோர் வாய்ச்சொல்லாக வந்ததேயன்றி, எழுத்தில் இல்லை.

யார் அவர்கள்?

எழுத்தும் வாய்ச்சொல்லும் இரண்டும் மறைந்த இடங்களும் உண்டு. கில்கென்னி நகரின் ஏழையர் விடுதி 1842-இல் திறக்கப்பட்டது. உறைவிடமும் உணவும் தந்து, அதற்கீடாக வேலை வாங்கும் இடம் அது. கணவன், மனைவி, மக்கள் எனப் பிரித்துத் தனித்தனிக் கூடங்களில் அடைப்பது அதன் விதி. 1,300 பேருக்கெனக் கட்டப்பட்ட அவ்விடுதியில் பஞ்ச ஆண்டுகளில் அதற்குப் பன்மடங்கு மக்கள் நெருக்கப்பட்டனர். நகர இடுகாடுகள் நிரம்பியபின், 1847 முதல் 1851 வரை விடுதி வளாகத்திற்குள்ளேயே பிணங்கள் புதைக்கப்பட்டன. காலப்போக்கில் அச்செய்தி மறந்தது.

2005-ஆம் ஆண்டில் அவ்விடத்தில் கடைத்தொகுதி ஒன்று கட்ட முற்பட்டபோது எலும்புகள் வெளிப்பட்டன. தொல்லியலார் அகழ்ந்து பார்த்ததில் 63 குழிகளில் குறைந்தது 970 பேருடைய எச்சங்கள் கிடைத்தன. அவருள் பாதிக்கு மேற்பட்டோர் சிறுவர் சிறுமியர். எலும்புகளை ஆராய்ந்த அறிஞர், பலருடைய எலும்பில் சொறிகரப்பான் என வழங்கும் உயிர்ச்சத்துக் குறைநோயின் தழும்புகளைக் கண்டனர். உருளைக்கிழங்கில் ‘சி’ உயிர்ச்சத்து உண்டு. அதற்கு மாற்றாக வழங்கிய மக்காச்சோள மாவில் அது இல்லை. உதவியாகக் கிடைத்த உணவும் உடலைக் காக்கவில்லை என்பதனை ஏட்டுச் சான்றினும் தெளிவாக எலும்பு உரைக்கிறது.

அங்குக் கண்ட மற்றொரு செய்தி சிந்திக்கத்தக்கது. குழிகளில் உடல்கள் அள்ளி எறியப்படவில்லை. ஒவ்வோர் உடலும் துணி சுற்றித் தனித்தனி மரப்பெட்டியில் வைக்கப்பட்டு, பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. நாள்தோறும் சாவு நிகழ்ந்த அவ்விடுதியிலும் இறந்தவரை மனிதராக மதித்து அடக்கம் செய்ய யாரோ முயன்றுள்ளனர். ஸ்கிபரீனின் கீழ்த்திறக்கும் பெட்டியையும் கில்கென்னியின் தனிப்பெட்டிகளையும் ஒருங்கு வைத்துப் பார்த்தால்தான் பஞ்சத்தின் முழு உண்மை விளங்கும். 970 பேருள் ஒருவருக்கேனும் பெயர் கூற இயலவில்லை. 2010-இல் அவ்வெச்சங்கள் அதே வளாகத்தருகே உரிய சடங்கோடு மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன.

கடல் கடந்தோர் கல்லறைகள்

பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறியவரும் பலர் கரை காணவில்லை. கனடாவிலிருந்து மரம் ஏற்றிவந்த கப்பல்கள், திரும்பும்போது மக்களை அடைத்துச் சென்றன. கட்டணம் குறைவு, நோயோ மிகுதி. அவற்றைப் ‘பிணப்பெட்டிக் கப்பல்கள்’ என்று அயர்லாந்து மக்கள் அழைக்கலாயினர்.

அக்கப்பல்கள் முதலில் அடைந்த இடம், கனடாவில் புனித லாரன்சு ஆற்றில் கியூபெக் நகருக்குக் கீழே உள்ள குரோஸ் ஈல் என்னும் தீவு. அங்கு 1832 முதல் நோய்த்தடுப்பு நிலையம் இருந்தது. 1847 மே 17-ஆம் நாள் ‘சிரியா’ என்னும் முதற் கப்பல் காய்ச்சல் கண்டவரோடு வந்து சேர்ந்தது. அம்மாத இறுதிக்குள் ஏறத்தாழ 40 கப்பல்கள் ஆற்றில் வரிசையாகக் காத்து நின்றன. அவ்வோராண்டில் மட்டும் 5,000-க்கு மேற்பட்டோர் அத்தீவில் புதைக்கப்பட்டனர். வரிசை வரிசையாக வெட்டிய குழிகளின் மேடுபள்ளங்கள் இன்றும் புல்தரையில் தெரிகின்றன. 1909-இல் அங்கு ஒரு பெருஞ்சிலுவை நாட்டப்பட்டது. 1998-இல் கண்டறிந்த பெயர்களை எழுதிய நினைவகம் ஒன்றும் எழுந்தது.

ஆற்றின் மேற்பகுதியில் மொண்ட்ரியால் நகரில் ‘கருங்கல்’ என வழங்கும் பெரும்பாறை ஒன்று உண்டு. 1859-இல் விக்டோரியா பாலம் கட்டிய தொழிலாளர் அதை நிறுத்தினர். அவருள் பலர் அயர்லாந்துக்காரர். பாலம் அமைக்குங்கால் காய்ச்சலால் இறந்தோரின் எலும்புகள் வெளிப்படக் கண்டு, 6,000 குடியேறிகளின் எச்சங்கள் இனி இழிவுபடலாகாது என்று ஆற்றிலிருந்து எடுத்த அப்பாறையை அங்கே நட்டு எழுத்துப் பொறித்தனர். பெரும்பஞ்சத்தின் நினைவுச் சின்னங்களில் மிகப் பழையவற்றுள் இஃதொன்று. அதை நட்டவர் அரசரும் அல்லர், அமைச்சரும் அல்லர், கூலிக்கு உழைத்தவர்.

டொரோண்டோ நகரில் 2007-இல் திறக்கப்பட்ட அயர்லாந்துப் பூங்கா பெயர்களைத் தேடியதன் பயன். 1847-இல் அந்நகரின் மக்கள் ஏறத்தாழ 20,000 பேர். அவ்வாண்டு வந்திறங்கியவர் 38,000-க்கு மேற்பட்டோர். அவருள் 1,100-க்கு மேற்பட்டோர் அங்கேயே இறந்தனர். ஆய்வாளர் பழைய ஏடுகளைத் துருவி 675 பெயர்களைக் கண்டு, கில்கென்னியிலிருந்து கொணர்ந்த சுண்ணக்கற்சுவரின் இடுக்குகளில் பொறித்துள்ளனர். தாயகத்தில் பெயரிழந்தோர்க்கு அயல்நாட்டு ஏடு பெயர் அளித்தது. மருத்துவமனையும் துறைமுகமும் எழுதிவைத்த கணக்கே அவர்க்குக் கல்வெட்டாயிற்று.

நூறாண்டு மௌனம்

அயர்லாந்துக்குள் நினைவிடங்கள் எழுவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. காரணங்கள் பல. இறந்தவருள் பெரும்பாலோர் ஐரிஷ் மொழி பேசிய மேற்கு, தெற்குப் பகுதி ஏழைகள். அவரோடு அம்மொழியும் பெரிதும் தேய்ந்தது. துயரைக் கூற வேண்டிய நாவே குறைந்துபோயிற்று. உயிர் பிழைத்தவர்க்கு ஏழையர் விடுதியில் இருந்தோம் என்பதும், கஞ்சித்தொட்டியில் நின்றோம் என்பதும் மானக்கேடாகத் தோன்றின. அண்டை வீட்டார் விட்டுப்போன நிலத்தைப் பெற்று வாழ்ந்தவரும் உண்டு. அவர் வாய் திறப்பது எங்ஙனம்?

1945-இல் நூறாம் ஆண்டு நிறைவையொட்டி அயர்லாந்து நாட்டுப்புறவியல் ஆணையம் முதியோரிடம் கேள்விகள் விடுத்துப் பஞ்சச் செய்திகளைத் தொகுத்தது. பேராசிரியர் எழுதிய வரலாற்றில் இடம்பெறாத செய்திகள், இன்ன வயலில் இன்னார் கிடக்கின்றனர் என்பன போன்றவை, அத்தொகுப்பில் உள்ளன. 1967-இல் டப்ளின் நகரப் பூங்காவில் எட்வர்டு டிலேனி என்னும் சிற்பி பஞ்சத்தைக் குறிக்கும் வெண்கல உருவங்களை வடித்தார். எனினும் நினைவிடங்கள் பெருகியது நூற்றைம்பதாம் ஆண்டு நெருங்கிய 1990-களிலேயே.

1997-இல் டப்ளின் ஆற்றுத்துறையில் ரோவன் கில்லெஸ்பி வடித்த உருவங்கள் நிறுவப்பட்டன. எலும்பும் தோலுமாய், மூட்டையைச் சுமந்து, கப்பலை நோக்கித் தளர்நடை நடக்கும் மனிதர் அவர். அதே சிற்பி வடித்த ஐந்து உருவங்கள் டொரோண்டோவில் கரையேறி நிற்கின்றன. அதே ஆண்டில் மேயோ கோட்டத்து முரிஸ்க் என்னுமிடத்தில், ஜான் பீகன் வடித்த வெண்கலக் கப்பலைக் குடியரசுத் தலைவர் மேரி ராபின்சன் திறந்துவைத்தார். கப்பலின் பாய்மரக் கயிறுகளைப் போலப் பின்னிக் கிடப்பவை மனித எலும்புக்கூடுகள்.

மேயோவில் உள்ள டூலோப் பள்ளத்தாக்கில் நிற்பது எளிய கற்சிலுவை ஒன்றே. 1849 மார்ச்சு இறுதியில், உதவி நீடிக்க வேண்டுமாயின் நேரில் வந்து நிற்க வேண்டும் என்ற ஆணையால், பசித்த மக்கள் லூயிஸ்பர்க்கிலிருந்து கடுங்குளிரில் மலைவழி நடந்தனர். அதிகாரிகள் தங்கியிருந்த மாளிகையை அடைந்தும் உதவி கிட்டவில்லை. திரும்பும் வழியில் பலர் விழுந்து இறந்தனர். இறந்தோர் தொகை பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. அக்காலச் செய்தித்தாளுக்கு வந்த கடிதம் ஏழு உடல்களைக் கூறிற்று. மக்கள் வாய்மொழியோ நூற்றுக்கணக்கில் கூறும். அக்கல்லில் காந்தியடிகளின் கருத்தொன்று பொறிக்கப்பட்டுள்ளது. உடன்பிறந்த மனிதரை இழிவுபடுத்துவதில் ஒருவன் எங்ஙனம் பெருமை காண இயலும் என்று அவர் வியந்து கேட்டதே அது.

நன்றியை நினைவூட்டும் சின்னமும் உண்டு. தம் நிலத்திலிருந்து துரத்தப்பட்டு நெடுவழியில் பலரை இழந்த அமெரிக்கத் தொல்குடியினரான சாக்டா மக்கள், 1847-இல் 170 டாலர் திரட்டி அயர்லாந்துக்கு அனுப்பினர். மிடில்டன் ஊரில் 2017-இல் அவர்க்கெனத் திறக்கப்பட்ட சின்னம், வட்டமாக எழுந்து நிற்கும் ஒன்பது எஃகு இறகுகள். வெறுங்கிண்ணத்தின் வடிவம் அது. இந்தியாவிலிருந்தும் உதவி சென்றது. கல்கத்தாவில் 1846-இல் தொடங்கிய நிதி ஏறத்தாழ 14,000 பவுன் திரட்டி அனுப்பியது.

ஏன் இறந்தனர்?

இனி மூன்றாம் கேள்வி. குரோஸ் ஈல் தீவின் சிலுவையில் ஐரிஷ், ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய மூன்று மொழிகளிலும் எழுத்துகள் உள்ளன. மூன்றும் ஒரே செய்தியைக் கூறுவன என்று காண்போர் கருதுவர். ஆங்கிலப் பகுதி, சமய நம்பிக்கையைக் காப்பதற்காகப் பசியையும் நாடிழப்பையும் ஏற்ற மக்கள் நோயால் இங்கே மாண்டனர் என்று கூறுகிறது. ஐரிஷ் பகுதியோ, அயல் கொடுங்கோலர் இயற்றிய சட்டங்களுக்கும் அவர் உண்டாக்கிய செயற்கைப் பஞ்சத்துக்கும் தப்பி ஓடிவந்தோர் இவர் என்று கூறுகிறது. இறந்தவர் அவரே, கல்லும் அதுவே, காரணம் மட்டும் மொழிக்கு மொழி மாறிற்று. பிறர் படிக்கும் மொழியில் பணிவும், தமக்குள் படிக்கும் மொழியில் உண்மையென அவர் கொண்டதும் எழுதப்பட்டன. ஐரிஷ் மொழி அறியாதவனுக்கு அக்கல்லின் பாதிச் செய்தி என்றும் விளங்காது.

1990-களில் கனடா அரசு அத்தீவைப் பொதுவாகக் குடியேற்ற வரலாற்றுச் சின்னமாகக் காட்ட எண்ணியபோது, பஞ்சம் மறைக்கப்படும் என்று அயர்லாந்து வழியினர் எதிர்த்தனர். அதன் பயனாக 1996-இல் ‘அயர்லாந்து நினைவகம்’ என்னும் சொல் அவ்விடத்தின் அரசுப் பெயரிலேயே சேர்க்கப்பட்டது.

1997-இல் அயர்லாந்தில் நடந்த நினைவு விழா ஒன்றில், பிரித்தானியத் தலைமையமைச்சர் டோனி பிளேரின் பெயரால் ஓர் அறிக்கை படிக்கப்பட்டது. அன்று இலண்டனில் ஆண்டோர் தம் மக்களைக் கைவிட்டனர் என்று அது ஒப்புக்கொண்டது. பலர் அதனால் ஆறுதல் பெற்றனர். 2021-இல் வெளியான அரசு ஏடுகளோ, அவ்வறிக்கையை அவருடைய அலுவலர் எழுதினர் என்றும், அவரே பார்த்து இசைவு தந்ததன்று என்றும் காட்டின. ஒப்புக்கொள்ளும் சொல்லும் யார் வாயிலிருந்து வருகிறது என்பது பொருட்டு என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

அறிஞரிடையே வழக்கு இன்னும் தீரவில்லை. திட்டமிட்ட கொலை என்பார் சிலர். பெரும்பாலான வரலாற்றறிஞர் அவ்வளவு கூறார். கொல்லும் நோக்கம் இல்லை. ஆயினும் காக்கும் கடமையைக் கொள்கையின் பேரால் கைவிட்டமை தெளிவு என்பது அவர் முடிபு. 2008 முதல் அயர்லாந்து அரசு ஆண்டுதோறும் பஞ்ச நினைவு நாள் கொண்டாடி வருகிறது. விழா ஒரே ஊரில் நில்லாமல் கோட்டத்துக்குக் கோட்டம் மாறிச் செல்கிறது. குழிகள் இல்லாத கோட்டம் அங்கில்லை அன்றோ?

தமிழர் எண்ணத்தக்கது

அயர்லாந்தின் இவ்வரலாறு தமிழர்க்கு அயலான ஒன்றன்று. வாணிகத்தில் அரசு தலையிடலாகாது என்னும் அதே கொள்கை, முப்பது ஆண்டுகளுக்குப்பின் சென்னை மாகாணத்திலும் ஆட்சி செய்தது. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது ஆண்டுப் பஞ்சத்தில் தென்னிந்தியாவிலும் தக்காணத்திலும் 50 இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்று கணிக்கப்படுகிறது. அப்போதும் தானியம் ஏற்றுமதியாயிற்று. அப்போதும் செலவைச் சுருக்கும் பொருட்டு, உழைக்கும் ஏழையின் நாட்கூலி ஒரு பவுண்டு தானியம் என்னும் அளவுக்குச் சர் ரிச்சர்டு டெம்பிளால் குறைக்கப்பட்டது. சென்னையின் பக்கிங்காம் கால்வாயில் ஒரு பகுதி பஞ்சக் கூலிகளின் கை வெட்டியதே. அக்காலத்துப் பசியால் ஊரை விட்டுக் கடல் கடந்தவர் பலர். மலாயாவுக்கும் இலங்கைக்கும் வந்த தமிழர் சிலருடைய குடும்ப வரலாறு அப்பஞ்சத்திலிருந்தே தொடங்குகிறது.

தாது ஆண்டின் துயரைத் தமிழர் கும்மிப் பாட்டாகப் பாடி வைத்தனர். பாட்டும் ஒருவகை நடுகல்லே. ஆனால் பாடுவார் இருக்கும் வரையே பாட்டு நிற்கும். அயர்லாந்து மக்கள் 1945-இல் செய்தது போல, முதியோர் வாய்ச்சொல்லை ஏட்டில் ஏற்றுவது முதற் பணி. எந்த வயலில் எவர் கிடக்கின்றனர் என்று தேடுவது அடுத்த பணி. கல் நடுவது அதன் பின்னரே. வகுப்பில் ஒரு மாணவன் தன் பாட்டியிடம் சென்று, நம் முன்னோர் எந்த ஆண்டில் ஏன் ஊரை விட்டு வந்தனர் என்று கேட்டு எழுதி வருவானாயின், அப்பணி தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.